பேருந்தில் ஏறிய மிதிவண்டி

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவரும் ஓய்வு பெற்ற ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றால் பேச வருகிறவர் "நன்றாகப் படியுங்கள், பெற்றோரை மதியுங்கள்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவது வழக்கம். அவை நல்ல வார்த்தைகள்தாம். ஆனால் அவற்றை உங்கள் ஆசிரியர்கள் தினமும் சொல்கிறார்கள். அதனால் நான் இன்று ஒரு மிதிவண்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். "என்ன, இந்த வாத்தியார் சைக்கிள் கதை சொல்ல வந்துட்டாரே" என்று பின்வரிசையில் யாரோ சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். அந்த மிதிவண்டி பேருந்தின் கூரை மேல் ஏறிப் பட்டணம் போன மிதிவண்டி. அது ஏறாமல் போயிருந்தால் நான் இந்த மேடையில் ஏறியிருக்க மாட்டேன்.

1967ஆம் ஆண்டு நான் ஆறாம் வகுப்பை முடித்தேன். அடுத்த ஆண்டு பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர வேண்டும். நம் தோட்டத்து லயத்திலிருந்து பெரிய சாலை சிம்பாங் வரைக்கும் நாலு கட்டை, செம்மண் சாலை. இக்காலப் பிள்ளைகளுக்குக் கட்டை என்றால் தெரியாது. ஒரு கட்டை ஒரு மைல், ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர். சிம்பாங்கிலிருந்து சின்ன டவுன் ஐந்து கட்டை. அங்கிருந்து பட்டணம் ஏழு கட்டை. பட்டணத்துப் பேருந்து நிலையத்திலிருந்து பள்ளிக்கூடம் இன்னும் ஒன்றரை கட்டை.

பேருந்து சிம்பாங்குக்குத்தான் வரும், தோட்டத்துக்குள் வராது. காலை ஆறே கால் மணிக்கு முதல் பேருந்து. அதைத் தவறவிட்டால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மாலையில் நாலு மணிப் பேருந்து சிம்பாங்கைத் தாண்டிப் போகும். அதன்பின் ஐந்தரை மணிக்கு ஒரு பேருந்து உண்டு; அது சின்ன டவுனோடு நின்றுவிடும். செவ்வாயும் வியாழனும் ஐந்து மணி வரை எங்களுக்குக் கூடுதல் வகுப்பு. அந்த இரண்டு நாளும் நாலு மணிப் பேருந்து கிடைக்காது. சின்ன டவுனில் இறங்கினால் வீட்டுக்கு ஒன்பது கட்டை இருட்டில் நடக்க வேண்டும்.

என் அக்காளும் இந்தப் பள்ளியில்தான் படித்தாள். எனக்கு நாலு வயது மூத்தவள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. 1963இல் ஆறாம் வகுப்பை முடித்தாள், தேர்விலும் தேறினாள். ஆனால் அந்த நாலு கட்டைச் சாலையில் விடியுமுன் ஒரு பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் ஐந்தரை மணிக்குப் பெரட்டுக்கு நிற்க வேண்டும். கொண்டுபோய் விட ஆள் இல்லை. "பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்" என்று பக்கத்து லயத்தில் சொன்னார்கள். அப்பா அப்படிச் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அக்காள் அம்மாவுக்கு உதவியாக மரம் வெட்டப் போய்விட்டாள். அவளை நிறுத்தியது மூளையும் இல்லை, முழுக்கப் பணமும் இல்லை. நாலு கட்டைச் செம்மண் சாலை.

என் முறை வந்தபோது அப்பா ஒரு முடிவு செய்தார். எங்கள் வீட்டில் ஒரே ஒரு மிதிவண்டி இருந்தது. 28 அங்குலச் சக்கரம், இரும்புக் கம்பி பிரேக், டைனமோ விளக்கு, நாற்பது இராத்தலுக்குக் குறையாத கனம். அதில்தான் அப்பா பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு நிரையிலிருந்து ஸ்டோருக்கு வருவார். அந்த மிதிவண்டியைத் துடைத்து என் கையில் கொடுத்து, "இனிமே இது உன் வண்டி. பஸ்ஸுல ஏத்திக்கிட்டுப் போ" என்றார்.

"பஸ்ஸுல ஏத்துவாங்களாப்பா?"

"கேட்டுப் பாரு. கேக்காம எப்படித் தெரியும்?"

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. சட்டத்துக்குள் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டுதான் ஓட்டினேன். ஐந்தே கால் மணிக்கு லயத்தை விட்டால் ஆறு மணிக்குச் சிம்பாங். முதல் செவ்வாய்க்கிழமை பேருந்து வந்து நின்றது. பழைய பேருந்து, பின்பக்கம் ஏணி, கூரை மேல் சாமான் வைக்க இரும்புச் சட்டம். கூரையில் ஏற்கெனவே கீரைக் கட்டும், கோழிக் கூடையும், இரண்டு பலாப்பழமும் இருந்தன. கண்டக்டர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கடா தம்பி கொண்டு போற இதை?"

"பள்ளிக்கூடத்துக்கு, அண்ணே. சாயந்திரம் கடைசி பஸ்ஸு சின்ன டவுனோட நின்னுடும். அங்கேருந்து வீட்டுக்கு ஒம்போது கட்டை."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஏணியில் ஏறிக் கையை நீட்டினார். நான் கீழிருந்து தூக்கினேன். வண்டிக்குப் பத்துக் காசு சாமான் டிக்கெட் கிழித்தார். அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்ததை இன்னும் மறக்கவில்லை. வண்டியைப் படுக்க வைக்கும்போது சங்கிலிப் பக்கம் மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் சங்கிலிப் பல்லும் பெடலும் வளையும். ஹேண்டலைத் திருப்பிச் சட்டத்தோடு ஒட்டிக் கட்ட வேண்டும். நீட்டிக்கொண்டிருந்தால் மரக்கிளையில் மாட்டும். கயிறு வழுக்கும்; பழைய டியூப் வாரால் கட்டினால் குலுக்கலுக்கும் அவிழாது. அடுத்த நாள் முதல் என் பையில் புத்தகத்தோடு இரண்டு டியூப் வாரும் இருந்தன.

மாணவச் செல்வங்களே, இங்கே ஒரு கணக்கு. செவ்வாய்க்கிழமை காலை சிம்பாங்குக்கு 4 கட்டை, பேருந்து நிலையத்திலிருந்து பள்ளிக்கு 1½, மாலை பள்ளியிலிருந்து நிலையத்துக்கு 1½, சின்ன டவுனிலிருந்து வீட்டுக்கு 9. ஆக மிதிவண்டியில் 16 கட்டை. பேருந்தில் காலை 12, மாலை 7. ஆக 19 கட்டை. மொத்தம் 35. இதில் மிதிவண்டி இல்லாமல் பேருந்து மட்டும் இருந்தால் என்னால் படித்திருக்க முடியாது. பேருந்து இல்லாமல் மிதிவண்டி மட்டும் இருந்தாலும் முடிந்திருக்காது. பேருந்து தன் சாலையில்தான் போகும். நம் வீட்டு வாசல் அந்தச் சாலையில் இல்லை. மீதி வழியை நாம்தான் கடக்க வேண்டும்.

இந்த வண்டிக்கு ஒரு விலை இருந்தது. அதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் அப்பா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது தோளில் தோல் கன்றிக் கறுத்துப் போயிருந்தது. வண்டி என்னோடு போய்விட்டதால் பால் வாளிகளைக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு நடந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான் இனிமே வண்டி எடுக்கலப்பா" என்றேன். "எடுக்கலேன்னா என் தோள் ஆறிடுமா? போய்ப் படி" என்றார்.

நாலு ஆண்டு இப்படி ஓடியது. 1971இல் எனக்கு எல்.சி.இ. தேர்வு. தேர்வுக்குச் சில வாரம் இருக்கும்போது எங்கள் தடத்தில் புதுப் பேருந்துகள் வந்தன. பளபளவென்று இருந்தன. கூரை வழவழப்பு, ஏணியும் இல்லை, சட்டமும் இல்லை. கண்டக்டரும் புதியவர். "மேல கட்ட எடமில்ல, உள்ள ஏத்த உத்தரவில்ல" என்று சொல்லி விசில் ஊதிவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. நாற்பது இராத்தல் இரும்பை ஆட்களுக்கு நடுவில் எங்கே வைப்பது? பேருந்து புறப்பட்டுப் போயிற்று. நான் வண்டியோடு சாலையோரம் நின்றேன். அடுத்த இரண்டு வாரம் கூடுதல் வகுப்புக்கு நான் போகவில்லை. நாலு மணிப் பேருந்திலேயே திரும்பிவிட்டேன். கணக்கு வாத்தியார் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டேன்.

வழி காட்டியவர் சிம்பாங்கில் மளிகைக் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே. மற்ற நாட்களில் என் வண்டியை அவர் கடையோரம்தான் நிறுத்துவேன். பாதித் தமிழும் பாதி மலாயுமாக, "ஒரு சைக்கிள் இங்கே, ஒரு சைக்கிள் அங்கே. எதுக்குப் பஸ்ஸுல ஏத்துறே?" என்றார். சின்ன டவுனில் சைக்கிள் பழுது பார்க்கும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். பாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். தவுக்கே சொல்லி அவரிடம் ஒரு பழைய வண்டி கிடைத்தது. விலை பதினெட்டு வெள்ளி. மாதம் மூன்று வெள்ளியாகக் கொடுக்கச் சொன்னார். செவ்வாய் மாலை அந்த வண்டியில் வீட்டுக்கு வருவேன். மறுநாள் காலை அரை மணி முன்னதாகக் கிளம்பி அதிலேயே சின்ன டவுன் வரை போய், பாக்சிக் கடையில் விட்டுவிட்டு அங்கே பேருந்து ஏறுவேன். மாலையில் சிம்பாங்கில் அப்பாவின் வண்டி காத்திருக்கும். இப்படித்தான் நான் எல்.சி.இ. தேறினேன், பிறகு ஆசிரியப் பயிற்சிக்கும் போனேன். ஒரு தமிழ்ப் பிள்ளை படிக்கச் சீனர் யோசனை சொன்னார், மலாய்க்காரர் கடன் கொடுத்தார். இதுவும் நம் நாட்டுக் கதைதான்.

பழங்கதை போதும். இப்போது என்ன என்று கேட்பீர்கள். இன்று தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. ஆனால் தூரம் குறைந்துவிட்டதா? பேருந்து இன்றும் பெரிய சாலையில்தான் நிற்கிறது. காலையில் ஒரே மோட்டார் சைக்கிளில் அப்பாவும் இரண்டு பிள்ளைகளுமாகப் போவதைப் பார்க்கிறேன். அப்பாவுக்கு வேலை நேரம் மாறினால் பிள்ளைகளின் பள்ளி நேரமும் ஆட்டம் கண்டுவிடுகிறது. இன்னும் சில வீட்டில் பதினான்கு வயதுப் பையனிடமே மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிடுகிறார்கள். பதினாறு வயது ஆகாமல் உரிமம் எடுக்க முடியாது என்பது சட்டம். சட்டத்தை விடுங்கள், பிள்ளை உயிர் பெரிதில்லையா?

என் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். போன முறை போனபோது அவன் தன் மிதிவண்டியோடு பேருந்தில் ஏறுவதைக் கண்டு அசந்து போனேன். அது மடக்கு மிதிவண்டி. நிறுத்தத்துக்கு வந்தான், நடுவில் ஒரு கொக்கியை விடுவித்தான், சட்டம் இரண்டாக மடிந்தது. ஹேண்டலை மடித்தான், சீட்டை இறக்கினான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டி மாதிரி கையில் தூக்கிக்கொண்டு ஏறினான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு 1971ஆம் ஆண்டு அந்த விசில் சத்தம் காதில் கேட்டது.

அங்கே இதற்கு ஒழுங்கான விதி இருக்கிறது. முன்பு கூட்டம் குறைந்த நேரத்தில் மட்டும் அனுமதித்தார்கள். 2016 டிசம்பரில் ஆறு மாதச் சோதனையாக நாள் முழுவதும் அனுமதித்துப் பார்த்து, 2017இல் அதையே நிலையாக்கினார்கள். மடித்த வண்டி 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் அடங்க வேண்டும். உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் மடித்தே இருக்க வேண்டும். வாசலையும் நடைவழியையும் மறிக்கக் கூடாது. மாடிப் பேருந்தில் மேல்தளத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

மடக்கு மிதிவண்டி நேற்று வந்ததன்று. ஆண்ட்ரூ ரிச்சி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1970களில் இலண்டனில் உருவாக்கிய பிராம்டன் என்ற வண்டி உலகப் பெயர் பெற்றது. 16 அங்குலச் சக்கரம். மடித்தால் இரண்டடி நீளம், இரண்டடி உயரம், ஓரடி அகலத்துக்குள் அடங்கிவிடும். அதன் விலை நமக்கு எட்டாது. ஆனால் 20 அங்குலச் சக்கரம் வைத்த சாதாரண மடக்கு வண்டிகள் நம் நாட்டுக் கடைகளிலும் கிடைக்கின்றன. மடிக்காத வண்டிக்கும் வழி உண்டு. அமெரிக்காவின் சியாட்டல் நகரில் 1990களிலேயே பேருந்துகளின் முன்பக்கத்தில் இரண்டு மிதிவண்டி ஏற்றும் இரும்புத் தாங்கி பொருத்தினார்கள். பயணியே வண்டியைத் தூக்கி வைப்பார். ஒரு கொக்கி முன்சக்கரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வண்டி இல்லாதபோது தாங்கி மடிந்து பேருந்தோடு ஒட்டிக்கொள்ளும். என் பழைய கண்டக்டர் அண்ணன் கூரையில் செய்ததை அவர்கள் முகப்பில் செய்தார்கள், அவ்வளவுதான்.

வண்டியோடு பேருந்தில் போக நினைக்கும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். முதலில் கேளுங்கள். ஒவ்வொரு பேருந்து நிறுவனத்துக்கும் ஒரு விதி. என் அப்பா சொன்ன மாதிரி, கேட்காமல் எப்படித் தெரியும்? பேருந்து வந்த பிறகு மடிக்காதீர்கள். வருமுன்னே மடித்துத் தயாராக நில்லுங்கள். நம் செம்மண் சகதியைச் சக்கரத்திலிருந்து துடைத்துவிட்டு ஏறுங்கள். இன்னொருவர் சேலையில் நம் சேறு படக் கூடாது. சங்கிலிக்கு ஒரு பழைய பையை மாட்டுங்கள். பேருந்து திரும்பும்போது வண்டி சாயும், கையை எடுக்காதீர்கள். வயதானவரும் கைக்குழந்தைக்காரியும் ஏறினால் இடம் விட்டு ஒதுங்குங்கள். கூட்டம் நெரிந்தால் அடுத்த பேருந்துக்கு நில்லுங்கள். தொலைதூர விரைவுப் பேருந்தானால் அடியில் சாமான் அறை இருக்கும். ஓட்டுநர் சம்மதித்தால் முன்சக்கரத்தைக் கழற்றி, சங்கிலிப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னும் பின்னும் விளக்கு இல்லாமல் இருட்டில் ஓட்டாதீர்கள்.

பெற்றோர்களுக்கும் சங்கத்தினருக்கும் என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, சிம்பாங்கில் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிக் கூரை போட்ட, பூட்டு மாட்டக்கூடிய மிதிவண்டி நிறுத்துமிடம் ஒன்று வேண்டும். ஊராட்சி மன்றத்துக்கு எல்லாரும் கையெழுத்திட்டு ஒரு மனு எழுதுவோம். அதே மனுவில், மடக்கு மிதிவண்டியை ஏற்ற அனுமதி கேட்டுப் பேருந்து நிறுவனத்துக்கும் ஒரு படி அனுப்புவோம். இரண்டு, பள்ளியின் பெயரில் மூன்று நான்கு மடக்கு வண்டிகள் வாங்கி, இங்கிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இரவலாகக் கொடுப்போம். முதல் வண்டிக்கு உண்டான பணத்தை நான் இன்று தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டேன். கைதட்ட வேண்டாம், அது என் பணமில்லை. என் அப்பாவின் தோளுக்கு நான் பட்ட கடன்.

முடிக்குமுன் ஒன்று. என் அக்காள் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள். நான் மிதிவண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய இரவுகளில் அதைத் துடைத்து, காற்றுப் பார்த்து, விளக்கைச் சுற்றிப் பார்த்து வைத்தவள் அவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக் களத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த வண்டியை ஓட்டிப் பழகினாள். நாலே சுற்றில் நேராக ஓட்டினாள். இறங்கி வந்து, "நாலு கட்டை இவ்வளவுதானாடா?" என்று கேட்டாள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொல்லுமுன், பள்ளிக்கூடம் எத்தனை கட்டை என்று ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். பெண்பிள்ளையானால் இரண்டு தரம் எண்ணுங்கள். எண்ணிவிட்டு, அந்த வழியைக் கடக்க வழி தேடுங்கள். கேளுங்கள், கை நீட்டுகிறவர் யாராவது ஒருவர் ஏணியில் இருப்பார்.

பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. பரிசு பெறாத பிள்ளைகளுக்கும் என் வாழ்த்து. உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. நம் பள்ளி வளர்க! தமிழ் வாழ்க!